ஹார்லன் வளைகுடாவின் பெயரை ஏன் எழுதினாய்

ஹார்லன் வளைகுடா, அலாஸ்கா
ஜூன் மாதம், விடாத மழை

என் கண்ணு வில்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மாட்டேன் என்கிறது. உன் அப்பாவைப் புதைத்துவிட்டு நீ விமானம் ஏறியதிலிருந்து சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கடிதம் அழுவதற்கு இல்லை, உன்னைத் திட்டுவதற்கு. உட்கார்ந்து முழுசாகப் படி.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரத்துக் கழுகுக் கூட்டில் இந்த வருடம் இரண்டு குஞ்சு பொரித்தது. உன் அப்பா இல்லாமல் அதைப் பார்க்கிறோமே என்று இருந்தாலும், இந்த வருடமும் வந்துவிட்டதே என்று ஒரு ஆறுதல். போன வாரம் வாடகைப் படகில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள், ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா. சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நிற்பவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா. காப்பி கொடுத்தேன். வீட்டில் வேறு ஒன்றும் இல்லாததால் உன் அப்பா கடைசியாகப் புகைபோட்ட சால்மன் மீனில் இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தேன். இலையுதிர் காலத்தில் அவர் நினைவாக வைக்கும் விருந்தில், செத்தவருக்கான பங்கை நெருப்பில் இடுவதற்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மீன் அது. "ரொம்ப நன்றிம்மா, போற வழியில சாப்பிட்டுக்கிறோம்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அந்த மீனை மரத்தடியில் வீசிக்கொண்டிருக்கிறார்கள் வில்மா. கழுகு இறங்கி வந்து எடுக்கும், படம் பிடிக்கலாமாம். அது மழையில் குஞ்சுகளை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. உடனே ஒருவன் கைதட்டினான், இன்னொருவன் கட்டையை எடுத்து மரத்தில் அடித்தான். பாவம், எழுந்து பறந்துவிட்டது. இவர்கள் கீழேயே நின்றதால் கூட்டுக்குத் திரும்ப முடியாமல் கத்திக் கத்திச் சுற்றியது. அண்டங்காக்கைகள் பார்த்துக்கொண்டா இருக்கும். நான் வாணலியைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போய்விட்டது ஒன்று.

சத்தம் கேட்டு உன் சித்தப்பா கிளாரன்ஸ் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏன்யா, ஒன் வீட்டுத் தொட்டில்ல பச்சப் புள்ள தூங்குனாலும் இப்படித்தான் கட்டையால தட்டி எழுப்பிப் படம் புடிப்பியா?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "அண்ணி, காக்கா எங்க குடிப் பறவதான், எங்க ஆளுங்களுக்கு எப்பவுமே வெக்கம் கெடையாது, பசின்னா திருடும். இவனுங்களுக்கு என்ன பசி?" என்றார். கட்டையால் அடித்த ஆள் கொஞ்சமும் கூசாமல், "கோவிச்சுக்காதீங்க, கூடு எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியுமே" என்று கைபேசியை நீட்டினான். இணையத்தில் உன் அப்பா எடுத்த படம். கீழே அவர் பெயர், நம் வளைகுடாவின் பெயர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்று ஒரு வரி. எழுதியது நீ.

அப்பாவைப் பெருமைப்படுத்த நினைத்துச் செய்திருப்பாய், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் படகில் அவரோடு எத்தனை முறை போயிருக்கிறாய். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அலை தள்ளும் பக்கம் போவார், பறவையை நேராகப் பார்க்காமல் மீன் பிடிக்கிறவர் மாதிரி ஒருக்களித்து உட்காருவார். எந்தக் கரை என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று பின்னால் வானம் மட்டும் விழுகிற மாதிரிதான் எடுப்பார். அவராவது காக்கைக் குடி. நீ என் வயிற்றில் பிறந்தவள், தாய் வழியில் கழுகுக் குடிக்காரி. அவருக்கு இருந்த அக்கறை உனக்கு இல்லாமல் போனதா? ஆயிரம் பேர் பாராட்டினார்கள் என்று போனில் சொன்னாயே, அந்த ஆயிரத்தில் மூன்று பேர் வந்ததற்கே ஒரு உயிர் போய்விட்டது. சனிக்கிழமை இன்னொரு படகு வருகிறதாம், துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

படிக்காதவள் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் எதை எப்படி அழிப்பது என்று தெரியாது. இதைப் படித்த கையோடு அதை நீ எடுத்துவிடு. மற்றவர்கள் அந்தப் படத்தை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தால் அவர்களிடமும் கெஞ்சு, கோபித்துக்கொண்டாலும் கேள். கிளாரன்ஸ் பாதையில் கயிறு கட்டியிருக்கிறார். வாசலுக்கு வருபவருக்கு இனியும் காப்பி உண்டு, பின்பக்கம் போக வழி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். திட்டினேன் என்று பேசாமல் இருந்துவிடாதே, எனக்கு நீ ஒருத்திதான். செத்தவர் துணையும் என் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஆக்னஸ்

இன்னொன்று. நேற்றுத் துணி காயப்போடப் பின்வாசலைத் திறந்தேன். இத்தனை வருடம் என்னைக் கண்டு தலையைக்கூடத் திருப்பாத பறவை, குஞ்சை விட்டுவிட்டு எழுந்து பறந்துவிட்டது. அந்தக் கதவை இப்போது நான் திறப்பதே இல்லை.