வெலினெத் என்றால் என்ன?

மார்ச் 4, செவ்வாய்
குழந்தைக்கு வெலினெத் என்று பெயர் வைத்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அப்படின்னா என்ன அர்த்தம்?" பிரெஞ்சுப் பெயர் என்றார் என் கணவர். பிரசவ மயக்கத்தில் கிடந்தேன். எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

மார்ச் 6
அர்த்தம் தெரியாத பெயர் வாயில் நுழையாதாம் மாமியாருக்கு.

மார்ச் 9, ஞாயிறு
மானம் கப்பலேறியது. இரண்டு வீட்டாரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் என் அம்மா, "வெளிச்சம்னு அர்த்தமாமே, மாப்பிள்ளை சொன்னார்" என்றாள். மாமியார் நிமிர்ந்தார். "என்கிட்ட வெற்றின்னானே?" கீழ்வீட்டு அக்காவிடம் இவர் மகாராணி என்று சொல்லியிருக்கிறார். கணக்கு டீச்சரான என் வீட்டில் ஒரு கேள்விக்கு மூன்று விடை! இவரோ தலை நிமிராமல் சாப்பிடுகிறார்.
"பேசாம பேரை மாத்திடுங்க" என்றார் மாமியார். அம்மாவும் ஒத்து ஊதினாள். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 10
எங்கள் பள்ளியின் பிரெஞ்சு டீச்சருக்குப் போன் போட்டேன். "கேக்க பிரெஞ்சு மாதிரிதான் இருக்கு. ஆனா அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லப்பா."
இவருக்கு சென்ட் கடையில் வேலை. அங்கே எந்த பாட்டிலிலிருந்தோ சுட்டிருக்கிறார். என் மகள் என்ன, விற்பனைக்கா? பெயரை மாற்றத்தான் போகிறேன். யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

மார்ச் 11
கேட்டேவிட்டேன். எந்த பாட்டிலிலும் இல்லையாம். இவரே உண்டாக்கியதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பெயருக்கா பஞ்சம்?
குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "உனக்கு ரத்தம் நிக்கல. குழந்தை அழவே இல்லன்னு சொன்னாங்க. கதவுக்கு வெளிய நின்னு அவளைக் கூப்பிடணும்போல இருந்துச்சு. பேர் இல்லாம எப்படிக் கூப்பிடறது? வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் வேற பேர் வைக்க மனசு வரல."
இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்னவாம்? மூன்று பொய் சொல்ல வாய் வந்தது, இதற்கு வரவில்லை. அழுகை வந்தது எனக்கு. ஆனால் கோபமும் போகவில்லை — அது வேறு.

மார்ச் 18
தடுப்பூசி போடப் போனோம். நர்ஸ் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "புதுசா இருக்கே, என்னம்மா அர்த்தம்?" என்றார்.
இவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.
"'இருந்துடு'ன்னு அர்த்தம்."
இவர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.