ஓரம் எனக்கு, நடு உனக்கு

செல்லூர், மதுரை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கனகாவுக்கு,

உன் வீட்டுக்காரன் சிவபாண்டி எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமா என்று ஆரம்பிக்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் முக்கால் நலம். மீதிக் கால் உங்க அப்பா வீட்டில் இருக்கிறது. பாப்பா எப்படி இருக்கிறாள்? குப்புற விழுகிறாளா? பல் தெரிகிறதா?

போன் இருக்கும்போது கடிதாசியா என்று சிரிக்காதே. உன் போனை எப்போது அடித்தாலும் உங்க அப்பாதான் எடுக்கிறார். "நல்லா இருக்காக மாப்ள, நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நீயே எடுத்த அன்றைக்கும் நீ என் பேச்சைக் கேட்கவில்லை, என் இருமலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் தொண்டையைச் செருமினால் போதும், அந்தப் பக்கம் உன் மூச்சு நின்றுபோகிறது. கடிதத்தில் இருமல் கேட்காது. உன் சிநேகிதி முத்துச்செல்விக்கு ஜவுளிக்கடையில் இன்று லீவு, திருமங்கலத்துக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சளி டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. டீபி மாத்திரையைக் கோர்ஸ் முடிகிறவரை விடாமல் போட வேண்டும், அவ்வளவுதான். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், "சார், புள்ளையத் தூக்கலாமா?" என்று. "தாராளமாத் தூக்குங்க, யாரு வேணாம்னா?" என்றார். தட்டு, டம்ளரில் எல்லாம் இது ஒட்டாது என்றும் சொன்னார். பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் உங்க அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "ரொம்ப சந்தோசம் மாப்ள" என்றார். அடுத்து, எப்ப வந்து கூட்டிட்டுப் போறீக என்று கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "ஆளு பழையபடி தேறி வரட்டும், அப்பறம் பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

பழையபடி என்றால் எடை. அதில்தான் சிக்கல். கிருமி போனாலும் எடை ஏறமாட்டேன் என்கிறது. உடம்புக்குப் புரோட்டீன் வேண்டுமாம், அது இல்லாவிட்டால் எத்தனை மாத்திரை போட்டாலும் சதை பிடிக்காதாம். என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். நம் கல்யாணத்தில் இலை நிறையப் பரிமாறியும் அப்பளத்தையும் வடையையும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தவன் நான். "இந்த மனுசனுக்குச் சமைக்கிறதுக்குப் பதிலா செவத்துக்கு வெள்ளையடிக்கலாம்" என்று நீ சொல்லாத நாள் உண்டா?

க்ளினிக்கில் சாப்பாடு பற்றிச் சொல்வதற்கென்றே மாதங்கி மேடம் என்று ஒருத்தர் இருக்கிறார். முட்டை, பால், பருப்பு, மீன், பனீர், மீல்மேக்கர் என்று அடுக்கினார். முட்டை என்று சொல்லும்போது அவர் மூக்கே சுருங்கியது. "நீங்க சாப்பிட்டிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். "எங்க வீட்டு வாசப்படியே அது ஏறினதில்லை. நான் சொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன், சாப்பிடறதுக்கு இல்ல" என்று சிரித்தார். நல்ல மனுசி. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறார்.

அவர் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். அவித்த முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். அந்த வெள்ளை வழுக்கிக்கொண்டு போய் நாக்கின் மேல் உயிருள்ள ஜந்து மாதிரி உட்கார்ந்தது. ஓடிப்போய்த் துப்பினேன். பனீர் அழிரப்பர். மீல்மேக்கர் ஈரப் பஞ்சு. பாலில் ஆடை படிந்ததைப் பார்த்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. குழைந்த பருப்பு, குழைந்த மீன், எல்லாமே வாய்க்குள் போனதும் சேறு.

இதில் ஒரு வேடிக்கை பார். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு டெலிவரிக்குப் போன நாளிலிருந்து இந்த ஊரின் கறிதோசை, கலக்கி, ஈரல் ரோஸ்ட் எல்லாம் என் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. வாசல் வாசலாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாய் தின்னத் தோன்றியதில்லை. இப்போது வண்டி கவர் போட்டு நிற்கிறது. நீ என்னை உட்காரச் சொன்னால் நான் உட்கார மாட்டேன், அல்லவா? இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதுகில் பாரம் இல்லாமல் இருப்பதுகூடப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் காசிமாயன் அண்ணன் கடலை வண்டிக்குப் போய் நிற்பேன். நம் தெருமுனையில் இரும்புச் சட்டியைத் தட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்திருக்கிறார்கள். தப்புச் சொல்லவில்லை. ஆனால் கடலைப் பொட்டலம் எல்லோருக்குமே தனித்தனிதான். அதனால் அங்கே நான் மட்டும் தனி ஆள் இல்லை.

ஒருநாள் நான் கடலையை அள்ளி அள்ளிப் போடுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மாப்ள, சோத்தக் கண்டா ஓடுற, இதை இம்புட்டுத் திங்கிற. ஒனக்கு வயிறு பசிக்கல, பல்லுதான் பசிக்குது." நான் பதிலுக்கு, "அப்ப பல்லுக்குச் சோறு போடுங்கண்ணே" என்றேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் அதுதான் மண்டையில் ஓடியது. யோசித்துப் பார் கனகா. நான் தின்கிறதெல்லாம் என்ன? அப்பளம், முறுக்கு, வடை, அடிப்பிடித்த சோறு. எனக்கு ருசியோடு சண்டை இல்லை. வழவழப்போடுதான் சண்டை. கடித்தால் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். கறுப்புச் சுண்டலை அவித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, சட்டியில் மிளகாய்ப் பொடி போட்டு முறுமுறுவென்று வறுத்தேன். காலியாகிவிட்டது. நெத்திலிக் கருவாட்டை எண்ணெய் விடாமல் வறுத்தேன். மீன் என்றே தோன்றவில்லை, முறுக்கு மாதிரி உடைந்தது. அடை மாவில் முட்டையை அடித்து ஊற்றி, கறிவேப்பிலைப் பொடி தூவி, காகிதம் மாதிரி மெல்லிசாகச் சுட்டேன். உள்ளே முட்டை இருப்பது எனக்கும் தெரியும், என் நாக்குக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. மாதங்கி மேடத்திடம் சொன்னேன். உப்பைக் குறைக்கச் சொன்னார், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் எடை பார்த்தார்கள். முள் நகர்ந்திருந்தது. "எப்படிச் சுட்டேள், சொல்லுங்கோ" என்று முட்டை அடைக்கு அவரே பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார், அடுத்த ஆளுக்குச் சொல்வதற்கு.

ஒன்று சொல்லட்டுமா? கடிக்கும்போது காதுக்குள்ளே சத்தம் வருகிறது. வாயை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. பாப்பா அழுத இடம், நீ அவளை அதட்டிக் கொஞ்சின இடம், எல்லாம் கம்மென்று இருக்கிறது. அதனால் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன். எடை ஏறியதில் பாதி அப்படி ஏறியதுதான். நீ கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன தட்டு கவிழ்த்தபடியே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அம்மா அலங்காநல்லூரில் இருந்து வந்து சமைத்துப் போடுகிறேன் என்றது. வேண்டாம் என்றேன். இந்த நாக்கை வளர்த்துவிட்டதே அதுதான்.

வெள்ளிக்கிழமை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக டவுன் பஸ் ஏறி அழகர்கோவில் போனேன். மூச்சு வாங்கவில்லை. கோவில் தோசை வாங்கினேன். தோலோடு கறுப்பு உளுந்து, மிளகு, சுக்கு, நெய். அதையும் மேடத்திடம் கேட்டுவிட்டேன், "உளுந்து நல்லதுதான், நெய்தான் கொஞ்சம் உதைக்கறது" என்றார். கல்யாணம் ஆன புதிதில் நாம் போனபோது வாங்கினோமே, நினைவிருக்கிறதா? மொறுமொறு ஓரத்தைச் சுற்றிவரக் கடித்துவிட்டு நடுவை உன் கையில் வைத்தேன். "எலி கொறிச்சுப் போட்டதையா எனக்குக் கொடுக்குற?" என்று திட்டிக்கொண்டே தின்றாய். அப்புறம் வீட்டில் சுடுகிற தோசைக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. ஓரம் எனக்கு, நடு உனக்கு.

வெள்ளிக்கிழமையும் பழக்கத்தில் ஓரத்தைத் தின்றுவிட்டேன். நடு கையில் நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு குரங்குக்குக் கொடுத்தேன். அதுகூட யோசித்துத்தான் வாங்கியது.

இத்தோடு முடிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் முத்துச்செல்வி வந்துவிட்டாள். வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. பேச்சுவாக்கில், "வார ஞாயித்துக்கெழம அழகர்கோவில்ல பாப்பாவுக்கு மொதச் சோறு ஊட்டுறாகளே, நீங்க வரலையாண்ணே?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைத் தெருமுனைக்கு அனுப்பி, காசிமாயன் அண்ணன் வண்டியில் கடலை கொறிக்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கோபம் வந்தது. வந்த கோபத்தில் உங்க அப்பாவைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் பயப்படுவது நியாயம்தான். இருமலில் ரத்தம் வந்த அன்றைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போ என்று உன்னை விரட்டியதே நான்தானே. அவர் பயம் எனக்குப் புரிகிறது. உனக்கும் பயமா? அதை மட்டும் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ எடுக்க முடியாமல் போனை எடுக்கவில்லையா, இல்லை எடுக்கப் பயந்துகொண்டு எடுக்கவில்லையா? இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கடித்து மெல்வது சுண்டலை இல்லை, இதைத்தான்.

பாப்பாவுக்கு முதல் வாய் நீ கொடு. உங்க அப்பா கொடுத்தாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். அவளுக்கு என் நாக்கு வந்துவிடக் கூடாது. உன்னை மாதிரி எதைக் கொடுத்தாலும் ருசித்துத் தின்கிறவளாக வரட்டும். ஒருவேளை சோற்றைத் துப்பினால் திட்டாதே. கொஞ்சம் சிரி. நீ சிரித்தால் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், அவள் என் மகள்தான் என்று.

ஆமாம், வருகிறேன். உங்கள் கூட்டத்துக்குள் வரமாட்டேன். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில் தள்ளி நிற்பேன். மாஸ்க் போட்டிருப்பேன். தேவை இல்லைதான், உங்க அப்பா மனசுக்காக. நீலச் சட்டை, நீ எடுத்துக் கொடுத்தது. இப்போது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அதைப் பார்த்து அழாதே.

கையில் ஒரு தோசை இருக்கும். இந்தத் தடவை கடிக்க மாட்டேன். கையைக் கழுவிவிட்டு, வாயில் வைப்பதற்கு முன்னாலேயே நடுவைத் தனியாகப் பிய்த்து இலையில் மடித்து வைத்துவிடுவேன். என் எச்சில் படாது. நீ தின்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பாப்பாவைக் கொண்டுவந்து காட்டு என்றும் கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாக வந்து, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போ. போகிற வழியில் குரங்குக்குப் போட்டாலும் சரி. வாங்கினால் போதும், எனக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது.

வரமுடியாவிட்டால் வெயில் சாயும்வரை பார்ப்பேன். அப்புறம் நடுவையும் நானே தின்று பழகிக்கொள்கிறேன்.

நீ பால் கொடுக்கிறவள், நேரத்துக்குச் சாப்பிடு. கருப்பன் காவலில் பாப்பா எல்லாவற்றையும் தின்று, எல்லாரோடும் உட்கார்ந்து தின்று வளரட்டும்.

தட்டைக் கவிழ்த்தபடியே வைத்திருக்கும்,
உன் சிவபாண்டி