சத்தம் போடாத பிள்ளை

இருங்காட்டுக்கோட்டை,
25.10.2012

கவியா அப்பாவுக்குப் பேச்சி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். புனேயில் குளிர் தொடங்கிவிட்டது என்றீர்களே, ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது. ரூம் சுவரெல்லாம் ஓதம்.

போன் இருக்க இதென்ன கடுதாசி என்று சிரிப்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் பத்துப் பேசி வைத்துவிடுகிறீர்கள். கடுதாசி என்றால் முடிகிறவரை படித்துத்தானே ஆகவேண்டும்?

பால்வாடி விஷயம்தான். "மூணரை வயசுப் பிள்ளை அங்க போயி என்ன படிக்கப் போகுது? முட்டையும் சோறும் தின்னுட்டுத் தூங்கும். ஊருல எங்க அக்காகிட்ட விடு, அஞ்சு வயசுல ஸ்கூல்ல சேத்துக்கிடலாம்" என்றீர்கள். தீபாவளி முடிந்ததும் மதினி வந்து அழைத்துப்போக ஏற்பாடும் செய்துவிட்டீர்கள். மதினி நன்றாகத்தான் பார்ப்பார்கள், குறை சொல்லவில்லை.

நீங்கள் புனேக்கு ட்ரெயினிங் போனபின் வேறு வழியில்லாமல்தான் பால்வாடியில் சேர்த்தேன். நான் பகல் ஷிப்ட் போனதும் வீட்டுக்காரம்மா கனகம் கொண்டுபோய் விடுகிறார், மதியம் அவரே கூட்டி வந்து பார்த்துக்கொள்கிறார். முதல் வாரமே டீச்சர் செல்வமேரி என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஏதோ சேட்டை பண்ணியிருப்பாள் என்று போனேன். பிள்ளை வாயே திறப்பதில்லையாம். திறந்தாலும் காதுக்குள் குசுகுசுவென்றுதானாம். மற்ற பிள்ளைகள் பாட ஆரம்பித்தால் ஓடிப்போய் அதுகள் வாயைப் பொத்துகிறாளாம்.

"வூட்ல யாருக்குனா ஒடம்பு முடியலியாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவ அப்பாவுக்கு இத்தன நாளா நைட் ஷிப்ட்" என்றேன்.

பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்றுதானே நைட் ஷிப்டாகவே கேட்டு வாங்கினீர்கள்? உங்களைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். "சத்தம் போடாத, அப்பா தூங்கணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள் நான்தான். ஒரே ரூம், சாத்திய கதவு, தூங்குகிற அப்பா. பாவம், அது யாரிடம் போய்ப் பேசும்? நாமோ சமத்துப் பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

டீச்சர் அவளைப் பேசு பேசு என்று உலுக்கவில்லை. சோறு தயாரானால் கரண்டியால் தட்டை அடித்து எல்லோரையும் கூப்பிடுகிற வேலையைக் கவியாவிடம் கொடுத்துவிட்டார். முதல் நாள் தட்டைத் தடவிக் கொடுத்தாளாம். இப்போது அடிக்கிற அடியில் தெருநாய் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் ரூம் அதிர யானைப் பாட்டுப் பாடினாள். கனகம் எட்டிப் பார்த்து, "இன்னா பேச்சி, ரேடியோ வாங்கிக்கினியா?" என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இந்தப் பால்வாடியை விட்டுவிட்டு ஊருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. மதினியிடம் வரவேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தை மாதம் வந்து நைட் ஷிப்டே போங்கள். காலையில் அவள் பால்வாடியில் இருப்பாள், நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பேசுவது கேட்கவில்லை, சிக்னல் சரியில்லை என்று கோபப்பட்டீர்களே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உங்களிடம் மட்டும் அவள் இன்னும் குசுகுசுவென்றுதான் பேசுகிறாள்.

கடுதாசி கிடைத்ததும் போன் பண்ணுங்கள். அவள் காதில் வைத்தவுடன், "அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், சத்தமாப் பேசு தாயி" என்று நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
பேச்சி