கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தவனுக்கு

தம்பி,

இன்று காலை பள்ளிக்கூடத்துப் பக்கமாக நடந்துபோனேன். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. பாகூர் ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. அதற்குள்ளிருந்து நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. நீ போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அது தெரிந்தும் கொஞ்சநேரம் காத்துக்கொண்டு நின்றேன்.

நீ முதன்முதலாக எங்கள் பள்ளிக்கு வந்ததும் இப்படி ஒரு பனிக்காலையில்தான். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வாரத்தில் பாதி நாள் உன் பள்ளியில் உன் சொந்த வகுப்பு. மீதி நாள் கொம்யூனில், அதாவது எங்கள் வட்டாரத்தில், உள்ள மற்ற பள்ளிகளுக்குப் போய் வாத்தியார்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று உன்னை நியமித்திருந்தார்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சும் அந்த வருஷம்தான் கிளம்பியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உன்னை என்னவென்று நினைப்போம்? பக்கத்து வகுப்பு வாத்தியார் என் காதோரம் வந்து, "வேவு பாக்க வந்துட்டான்பா. வாயத் தொறக்காத" என்றார். போதாததற்கு நீ என்னைவிட வயதில் சின்னவன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

நீயோ நாற்காலியே வேண்டாம் என்றாய். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாய். நான் என் பெருமையை எடுத்துவிட்டேன். அது ஒரு பிரெஞ்சுப் பாட்டு. மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னால், ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். பிள்ளைகள் ஆடி ஆடிச் சொன்னார்கள். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். பயல் சொக்கிப்போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கரைமேல் நடக்கும்போது, "அண்ணே, நாளைக்கு நான் முன்னால நிக்கிறேன். நீங்க என் எடத்துல உக்காருங்க" என்றாய்.

"எதுக்குடா?"

"உக்காந்து கேளுங்க, சொல்றேன்."

உட்கார்ந்தேன். அதே பாட்டு, அதே பிள்ளைகள். முன்னால் இருந்த இரண்டு வரிசைதான் வார்த்தையைச் சொன்னது. என்னைச் சுற்றி இருந்ததெல்லாம் வெறும் ராகம். வாயை வாயைத் திறந்து முனகிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண், பிரெஞ்சு வரி வரவேண்டிய இடத்தில் நடவுப்பாட்டை நுழைத்துத் தாளம் தப்பாமல் பாடிக்கொண்டிருந்தாள்! முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நேற்று இதையெல்லாம் இவன் கேட்டிருக்கிறான், வேலை போனதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நீ குறை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னா செய்யலாம், அண்ணே?" என்று மட்டும் கேட்டாய். நான் ஒரு வழி சொல்வேன், நீ தலையாட்டுவாய், கொஞ்சதூரம் நடப்பதற்குள் அது தேறாது என்று நானே தள்ளிவிடுவேன். நாணல் ஓரம் கொக்குகள் அடைய வந்துகொண்டிருக்கும். அந்த நடையெல்லாம் இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்ததுபோல இருக்கிறது. கடைசியில், பின்னால் இருப்பவர்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்துத் தனித்தனியே சொல்லவைக்கலாம் என்றேன். அன்றைக்கு உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே, என்னமோ நீயே பரீட்சையில் தேறியதுபோல.

பிறகு ஒருநாள் மேலதிகாரி வந்தார். பள்ளி முற்றத்தில் எங்களை நிறுத்திவைத்து, உன்னிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டார். இவர்களில் உதவாதவர் யார் என்பதுதான் கேள்வி என்று எங்களுக்கு அரைகுறையாகப் புரிந்தது. நீ மெதுவாகப் பதில் சொன்னாய். அவர் முகம் சிவந்தது. எங்களுக்கும் தெரியட்டும் என்று தமிழிலும் சொன்னாய்: "இவங்க வகுப்புல நான் பாத்தது இவங்களோடது. இவங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்."

எங்கள் பள்ளியிலிருந்து யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உன்னைத்தான் காரைக்காலுக்கு மாற்றினார்கள். பள்ளி பள்ளியாகப் போகும் வேலையும் பறிபோனது.

"எங்களுக்காக மாட்டிக்கிட்டியேடா" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எனக்காகத்தாண்ணே. ஒரு பேரச் சொல்லிட்டா, அப்பறம் இன்னொருத்தர் வகுப்புல போயி எப்பிடி உக்காருவேன்?"

அங்கே போன கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாய். சேதி எனக்கு வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீ மாற்றலாகிப்போன மறுவாரம் நான் பக்கத்து வகுப்புக்குள் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாடம் நின்றது. அந்த வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா உன்ன அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். அடுத்த நாள் அவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். நான் ஓய்வுபெறும்வரை அது நிற்கவில்லை. உன்னிடமிருந்து அவர்கள் பிடுங்கிய வேலையை நாங்கள் எங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டோம், தம்பி. அதை நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அண்ணன்