இருட்டிய மண்டபத்தில் நீ சிரித்தது

கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நேற்று உப்பிட்டு உலர்த்திய அசாம் பழம் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். பள்ளிச் சீருடையில், ஜன்னலோர இருக்கையில், வாந்தி வராமலிருக்க ஒரு பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்லா?" என்று கேட்டபடி.

எழுபதுகளின் கடைசி அது. பந்திங்கில் நம் பள்ளியின் தமிழ்மொழிக் கழகம், வாடகைக்குப் பேசிய தொழிற்சாலை பஸ்ஸில் நம்மைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போனது. காலையில் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது, மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி மண்டபம் ஒன்றில் நாடகம். செம்பனைத் தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாத நமக்கு அது பெரிய பயணம். பழைய ரயில் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து, "இங்க ராஜா இருக்காரா, ஸ்டேஷன் மாஸ்டர் இருக்காரா?" என்றாய். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாய். அந்தக் கலங்கல் தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். டீச்சர் கூப்பிட்ட பிறகும் நீ அசையவில்லை.

அரும்பொருளகத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. வெயிலிலிருந்து மங்கலான கூடத்துக்குள் நுழைந்ததும் நீ நேராகப் போய் ஒரு கண்ணாடிப் பெட்டியில் முட்டிக்கொண்டாய். பையன்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். ஆனால் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாய். உன்னை ஓரமாக அழைத்துப்போய் என்னவென்று கேட்டேன்.

"இருட்டுல ஒண்ணுமே தெரியல. வெளிச்சத்துலயும் நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியுது. வர வர அதுவும் சின்னதாயிட்டே போகுது."

"வீட்ல தெரியுமா?"

"யார்கிட்டயும் சொல்லிடாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்லயே உக்கார வெச்சிடுவாரு. இந்த வருஷம் பரீட்சை இருக்குலா."

மத்தியானம் மண்டபத்தில் நமக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. விளக்குகள் அணைந்ததும் என் பக்கம் சாய்ந்தாய். "மேடை ஒரு அம்பது காசு அளவுக்குத் தெரியுது. மிச்சத்த நீ சொல்லு" என்றாய். நான் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ராஜா வருகிறார், மந்திரி பின்வாங்குகிறார், ராணி கூந்தலை அவிழ்க்கிறாள். நாடு பறிபோன ராஜா மண்டியிட்டு அழும் கட்டம் வந்தது. மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான், "மீசை ஒரு பக்கம் கழண்டு தொங்குது. அதக் கையால அழுத்திப் பிடிச்சிக்கிட்டே அழறாரு" என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்துவிட்டாய்.

நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். "என்னம்மா இது? பாக்க இஷ்டமில்லன்னா வெளிய போங்கலா. தொணதொணன்னு பேசிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ குனியவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல அண்ணே. இவ சொன்னாதான் நாடகம் தெரியும்" என்றாய், எல்லோருக்கும் கேட்கும்படி. உன் வாயால் அதை நீ வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. வரிசைக் கோடியில் டீச்சரின் தலை சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

அந்த மனிதர் எழுந்து தன் மனைவியையும் எழுப்பினார். "இங்க வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்டத் தெரியும்" என்றார். முடியும்வரை அவர்கள் இருவரும் நம் இடத்தில் இருந்து பார்த்தார்கள்.

பந்திங்கில் இறங்கியதும் டீச்சர் உன் கூடவே வீட்டுக்கு வந்தார். நீ என் கையை விடாததால் நானும் வந்தேன். உன் அப்பா தான் ஓட்டும் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் சொல்லி முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்கவில்லை.

"இருட்டுல இவ தடுமாறுவா, டீச்சர். பயந்த புள்ளன்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"ஸ்கூல நிப்பாட்டிடுவீங்கன்னுதான்ப்பா."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "தெரியிற வரைக்கும் படி. அதுக்கப்புறமும் எப்படிப் படிக்கிறதுன்னு கேப்போம்" என்றார். அடுத்த வாரமே லோரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு உன்னைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். குணமாகாது, பார்வை மெல்ல மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று நீ அழுததை நான் பார்க்கவில்லை. பரீட்சை எழுதினாய். பார்வை முழுதும் போவதற்குள் அதே பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் தங்கி விரலால் படிக்கக் கற்றுக்கொண்டாய். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாய். "ஒண்ணு என் காதுக்கு, ஒண்ணு உன் கண்ணுக்கு" என்றாய்.

சிறுநீரகம் கெட்டு, போன வருஷம் நீ கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒருநாள் சாயங்காலம் என் முகத்தைத் தடவிப் பார்த்தாய்.

"இப்ப நீ எப்படி இருக்க? உள்ளதச் சொல்லு."

காதோரம் நரைத்துவிட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது, தாடை தடித்துவிட்டது என்றேன்.

"பொய்" என்று சிரித்தாய். "எனக்குத் தெரியும்லா. ரெட்டைச் சடை, நெத்தியில ஒரு பரு. நான் கடைசியா நல்லாப் பாத்த மூஞ்சி அதுதான். நீ மாறவே இல்ல."

அந்த வாரமே நீ போய்விட்டாய். இப்போது தலை வாரக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் நரையைப் பார்த்துச் சோர்ந்துபோகத் தோன்றும். ஆனால் முழுசாகச் சோர்ந்துபோக முடிவதில்லை. உன் கண்ணுக்குள் இத்தனை வருஷம் வயசாகாமல் இருந்த அந்த ரெட்டைச் சடைக்காரியை என்னிடம்தானே விட்டுப் போயிருக்கிறாய்.