சாயத் தொட்டியில் முங்கிய வாரம்

5-3-72, ஞாயிறு

காலையிலேயே வெயில். முதல் பஸ் பிடித்துக் கோவளம். முதுகில் காற்று டேங்க், வாயில் ரப்பர் குழாய். கடலடியில் பாறை இடுக்கு. சிங்கி இறால் இரண்டு. இரண்டும் போச்சு. கையில் மிஞ்சியது ஒரு மீசைத் துண்டு.

"மீசயப் புடிச்சா மீசதான் வரும் தம்பி. முதுகோட சேத்து அமுக்கு" என்றார் ஜோசப் அண்ணன். அந்த ஊர் மீனவர், எனக்குக் கற்றுத் தருபவர்.

மூன்றாம் முறை முகக் கண்ணாடிக்குள் தண்ணீர். பயந்து மேலே வந்துவிட்டேன். வெட்கம்.

இறால் ஏற்றுமதிக் கம்பெனி மேலாளர் கரையில் நின்றபடியே சொல்லிவிட்டார்: அடுத்த ஞாயிறு ஓர் இறாலாவது பிடிக்காவிட்டால் டேங்க் வேறு ஆளுக்கு. சாயப்பட்டறை வேலையை விட்டு வெளியேற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜோசப் அண்ணன் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். குளத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள்ளேயே கழற்றி மாட்டிப் பழக வேண்டுமாம்.

6-3, திங்கள்

காஞ்சிபுரத்தில் குளத்துக்கா பஞ்சம். எங்கள் சேரிக்காரன் இறங்கத்தான் ஒன்றுமில்லை. சட்டப்படி எல்லாம் திறந்திருக்கிறது. சட்டம் ஒருநாளும் படித்துறைக்கு வந்து பார்த்ததில்லை. இன்று முழங்கால் வரை இறங்கினேன். மேல்படியில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். ஏறிவிட்டேன்.

8-3, புதன்

சைக்கிளில் கூரம். நிலக்காரர் வரதப்பன் கிணறு. போன மாதம் பம்புக் குழாயில் சேறு அடைத்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர். அன்று மூன்று முறை மூழ்கி அடைப்பை எடுத்துவிட்டேன். இன்று ஒரு மணி நேரம் பழகக் கேட்டேன்.

"ரிப்பேருக்கு எறங்கறது வேற, நீ குளிக்கிறது வேறடா. வூட்ல குடிக்கிற தண்ணி."

போன மாதம் என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பும்போது செயின் இரண்டு தடவை கழன்றது.

10-3, வெள்ளி

வேலை முடிந்ததும் பட்டு அலசும் சிமெண்ட் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். மார்பளவு சிவப்புத் தண்ணீர். இதற்கு யாரும் தடை சொல்லவில்லை. கழிவுதானே. கழற்று, மாட்டு, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியே தள்ளு. இருபது தடவை. கண் எரிச்சல்.

கூட வேலை செய்யும் ஏகாம்பரம் எட்டிப் பார்த்து, "இன்னாபா, முகூர்த்தப் பட்டு மாதிரி ஊறிக்கினு கீற" என்றான். சிரித்ததில் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. துப்பினால் சிவப்பு.

பயம் போயிற்று. கோபம் போகவில்லை.

12-3, ஞாயிறு

கோவளம். அலை குறைவு. அதே பாறை. கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது, ஊதித் தள்ளினேன். மூச்சு சீராக. இடுக்கிலிருந்து மீசை முதலில், பிறகு தலை. காத்திருந்தேன். முதுகோடு அமுக்கினேன். முள் உள்ளங்கையில் இறங்கியது. விடவில்லை.

கரையில் மேலாளருக்கு ஒரே சந்தோஷம். டேங்க் எனக்குத்தான் என்றார். "காஞ்சிபுரமாச்சே, ஊர் பூரா கொளம். வசதியாப் பழகியிருப்ப."

"கொளத்துல இல்ல சார். சாயத் தொட்டியில."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இறாலைக் கேட்டார். என் கை பிரியவில்லை. ஜோசப் அண்ணன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.