கொழுந்துக் கம்பியில் தொங்கிய சாப்பாட்டுக் கூடை

பொகவந்தலாவை,
1961 மாசி, புதன்கிழமை.

என் மகள் அழகம்மாவுக்கு,

நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டரும் விஞ்ஞான மாஸ்டரும் பூகோள டீச்சரும் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வெண்கட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரே படம் போட்டு ஒரே பாடமாக நடத்திவிட்டார்கள், நீ எழுதினது எழுதினபடியே நடந்துவிட்டது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் தாயி.

இதைச் சொல்லாமல் முதலில் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, இனி முறைப்படி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பி நல்லமுத்துவும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், பனிக்கு எனக்கு வந்த இருமலும் கொத்தமல்லித் தண்ணிக்கு அடங்கிவிட்டது, அங்கே திருச்சியில் நீயும் பெரியப்பா வீட்டாரும் அந்த வெயிலில் வாடிப்போகாமல் சுகமாக இருக்க வேண்டும். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, அதற்கு உன் பேரைத்தான் வைக்கணும் என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான், அக்கா காலேஜில் கணக்கு வாத்தியாரம்மா, அவள் பேரை மாட்டுக்கு வைப்பியாடா என்று கேட்டால், "ஏன், கன்னுக்குட்டிக்கு மட்டும் மரியாத இல்லையா"ன்னு என்னையே மடக்குகிறான். பக்கத்து லயத்து வீட்டு ராக்காயி சின்னம்மா உன்னிடம் சுங்குடிச் சேலை கேட்கச் சொன்னாள், நான் கேட்டுவிட்டேன், நீ அனுப்ப வேண்டாம், அவளுக்கு இருக்கிற சேலைக்கே பெட்டி மூடவில்லை.

உன் போன கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கணக்கையும் மற்றப் பாடங்களையும் சேர்த்து நடத்துவதற்கு வாத்தியார்மாருக்கு உதவி செய்யும் வேலையை உன்னிடம் கொடுத்தபோது நீ எழுதின கடிதத்தை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் தெரியுமா. இரண்டு பாடத்து வாத்தியார்கள் கூடி உட்கார்ந்து ஒரு பாடத்தை உண்டாக்க வேண்டும், தனியாக ஒருத்தரால் விடை சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், சாமான் சுற்றி வந்த பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள், ஆனால் நீ சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. அப்படி எழுதின பிள்ளை இப்போது, யாரும் சேர வரமாட்டேன் என்கிறார்கள், ரசாயனப் புரொபசர், "கணக்கு டிபார்ட்மெண்டுல வேலை இல்லேன்னா எங்க லேபுக்கு வந்து பீக்கர் கழுவுங்கம்மா"ன்னு எல்லோர் முன்னாலும் சிரித்தார், கோடை லீவுக்குள் இரண்டு பேராவது சேராவிட்டால் திட்டத்தையே கைவிடப் போகிறார்கள், நான் ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் அம்மா என்று எழுதினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும். இப்போது நடந்ததைக் கேள்.

நான் வாத்தியார்மார் குவார்ட்டர்ஸில் சமைக்கப் போவது உனக்குத் தெரியும். மூன்று பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஜெயரத்தினம் மாஸ்டர் கணக்கு, நடராசா மாஸ்டர் விஞ்ஞானம், பூரணம் டீச்சர் பூகோளம். மாஸ்டர்மார் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாததால்தான் விஞ்ஞானம் ஏறவில்லை என்று விஞ்ஞான மாஸ்டர் சொல்ல, விஞ்ஞானத்தில் கணக்கைக் குழப்பிவிட்டுத்தான் என்னிடம் அனுப்புகிறார் என்று கணக்கு மாஸ்டர் சொல்ல, நடுவில் என் பருப்புக் கறி ஆறிப்போகும். நான் உன் கடிதத்தைப் பூரணம் டீச்சரிடம் படித்துக் காட்டினேன், கோவித்துக்கொள்ளாதே, அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு நாள் ஒரே ஒரு பாடம், மூன்று பேருமாகச் செய்து பார்ப்போம் என்று நச்சரித்தது. நம்ம பள்ளிக்கூடத்து அதிபர் இரண்டு தடவை முடியாது என்றார், பாடநேரத்தில் விளையாட்டுக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னமோ செய்யுங்கள் என்றார்.

பாடத்துக்கு எடுத்த பொருள் என்ன தெரியுமா, நம்ம கொழுந்துக் கம்பி. மேல்மலையில் பறிக்கிற தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி, ரோதைச் சக்கரத்தில் மாட்டி, பள்ளத்தாக்குக்கு மேலாகக் கீழே தேயிலை ஸ்டோருக்கு இறக்குகிற அதே கம்பி. மேல்முனையில் சாக்கு மாட்டுகிற வேலை உன் அப்பாவுக்கு என்பதால் தோட்டத்துச் சின்னதுரையிடம் கேட்டு அவரே அனுமதி வாங்கினார். ஞாயிறு வேலை இல்லை, கம்பி சும்மாதான் கிடக்கும். பிள்ளைகளும் மூன்று வாத்தியார்மாரும் ஸ்டோர் வாசலில் கரும்பலகையோடு நின்றார்கள், நான் மேலே நம்ம லயத்து வீட்டில் எல்லோருக்கும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்தேன். கூடையைத் தலையில் வைத்துக் குறுக்குப்பாதையில் இறங்குவதாக இருந்தேன். அதற்குள் ஜெயரத்தினம் மாஸ்டர் மேலே ஆள் அனுப்பி, சாப்பாட்டைக் கம்பியிலேயே விடச் சொல்லிவிட்டார், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம், அதையும் பார்த்துவிடலாமாம். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தக் கம்பியில முழுச் சாக்குத்தான் போயிருக்கு, அரைச் சாக்கு விட்டாத் தொரை ஏசுவாரு, கூடை போகுமா போகாதான்னு எனக்கே தெரியாது"ன்னார். படித்தவர்கள் சொல்லும்போது விடாமல் இருக்க முடியுமா, மாட்டி விட்டார். என் கூடை, வெள்ளைத் துணி மூடி, கல்யாணப் பொண்ணு மாதிரி அழகாகப் போனது. போனது, போனது, பாதிப் பள்ளத்துக்கு மேலே போய் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

நான் குறுக்குப்பாதையில் விழுந்தடித்துக் கீழே ஓடினேன். அங்கே பாடம் நின்று சண்டை நடந்துகொண்டிருந்தது. நடராசா மாஸ்டர், "என்ன காணும், உம்மட கணக்கு ஆகாயத்திலை தொங்குது"ன்னு கேட்க, ஜெயரத்தினம் மாஸ்டர், "நான் கீறினது நேர்க்கோடு, கம்பி தொய்ஞ்சு கிடந்தா அது என்ர பிழையோ, பாரமும் லேசும் ஒண்டாத்தான் இறங்கும் எண்டு சொன்னது ஆர்"ன்னு திருப்பிக் கேட்டார். நடராசா மாஸ்டர் உடனே, காற்று இல்லாத இடத்தில் என்றுதான் சொன்னேன் என்றார். பூரணம் டீச்சர் இடையில் புகுந்தது. "மத்தியானத்திலை பள்ளத்தாக்குக் காத்து மேல ஏறும் எண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் நான் படிப்பிச்சிருக்கிறன், ரெண்டு பேரிலை ஆர் என்னைக் கேட்டனீங்கள்"ன்னு ஒரு போடு போட்டது பார். நானும் சும்மா இருக்கவில்லை, நீங்கள் மூன்று பேரும் பேசி முடிக்கிறதுக்குள் காக்கா சாப்பிட்டு முடித்துவிடும் என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பில் மாஸ்டர்மாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பசி வந்தால் கௌரவம் எங்கே நிற்கும். மூன்று பேரும் கரும்பலகைக்கு முன்னே தரையில் உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து இன்னொரு சாக்கை விட்டுக் கூடையைத் தள்ளலாம் என்று கணக்கு மாஸ்டர் சொன்னார். முழுச் சாக்கை விட்டால் இடிக்கிற இடியில் ரொட்டி மாவாகிவிடும், ரொம்ப லேசாக விட்டால் அதுவும் போய்ப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் என்று விஞ்ஞான மாஸ்டர் சொன்னார். அப்படியானால் எத்தனை பாரம், அது தெரிய வேண்டுமானால் கம்பி எவ்வளவு தொய்ந்திருக்கிறது, மிச்சச் சரிவு எவ்வளவு, காற்று எவ்வளவு தடுக்கிறது, எல்லாம் வேண்டுமே. நேர்க்கோட்டை அழித்துவிட்டு வளைவாகப் போட்டார் ஒருத்தர், அந்த வளைவில் அம்புக்குறி போட்டார் இன்னொருத்தர், டீச்சர் வெண்கட்டியைப் பிடுங்கி எதிர்ப்பக்கமாகக் காற்றுக்கு ஒரு அம்பு போட்டு, மூடுபனி இறங்கினால் இந்தக் காற்றுப் படுத்துவிடும், அதுவரைக்கும் பொறுங்கள் என்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை போட்டார்கள். கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று வீட்டுக்கு ஓடுகிற நம்ம காளியாயி மகன் அழகன் இருக்கிறானே, அவன் முன்னே வந்து நின்றுகொண்டு நகரவே இல்லை. கடைசியில் அரைச் சாக்கும் இன்னும் கொஞ்சமும், கல் வேண்டாம், மெத்தென்று மானாப்புல் என்று முடிவானது. பூரணம் டீச்சரே அந்தச் சேதியோடு மேலே ஏறியது, அப்பா புல்லை அடைத்துக் கட்டினார், டீச்சர் கீழே வந்துசேர்ந்து பனியும் இறங்கும்வரை காத்திருந்து சாக்கைக் கம்பியில் விட்டார்.

அந்தச் சாக்கு பனிக்குள்ளே மறைந்துவிட்டது, ரோதைச் சத்தம் மட்டும் கேட்டது, கொஞ்சம் மெலிந்தது, நின்றுவிட்டதோ என்று நினைத்தேன், பிறகு மறுபடி கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு முன்னே என் கூடையும் பின்னே புல் சாக்கும் மாமியார் மருமகள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. சம்பல் பாதி துணியில் கொட்டிவிட்டது, ரொட்டி செருப்புத் தோல் மாதிரி விறைத்துவிட்டது, ஆனால் இந்த மூன்று வருஷத்தில் என் சமையலை அவர்கள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஜெயரத்தினம் மாஸ்டர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நடராசா மாஸ்டரிடம் நீட்டி, "இந்தாரும், உம்மட அரைச் சாக்கு"ன்னு சொன்னார். மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து அதிபர் அறைக்குப் போனார்கள். கூடவே சில பிள்ளைகளும் போயிருக்கிறார்கள், அழகன் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அதிபர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாரத்துக்கு ஒரு பாடவேளை மூன்று பேரும் சேர்ந்து நடத்துங்கள், மூன்று மாதம் ஒரு தவணைக்குப் பார்க்கலாம், ஆனால் சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள் என்றாராம்.

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டம் போட்டு, நாற்காலி போட்டு, சேருங்கள் சேருங்கள் என்று நீ கெஞ்சினால் பெரிய மனிதர்கள் சேர மாட்டார்கள். இங்கே உன் கடிதத்தை நான் படித்துக் காட்டினபோதுகூட மாஸ்டர்மார் இரண்டு பேரும் கொட்டாவிதான் விட்டார்கள். எல்லோருக்கும் தேவையான ஒன்று, ஒருத்தரால் மட்டும் இறக்க முடியாததாகத் தொங்க வேண்டும். காவிரிக்கரையில் தேடு, உங்கள் காலேஜ் கிணற்றில் தேடு, ஹாஸ்டல் சமையல்கட்டில் தேடு, எங்கேயாவது ஒன்று இருக்கும். அந்த ரசாயனப் புரொபசரிடம் பீக்கர் கழுவப் போ, தப்பில்லை, கழுவும்போது அவர் எதற்குத் திணறுகிறார் என்று பார்த்துவிட்டு வா.

இதை எழுதுவதற்கு முன்னே இன்னொரு கடிதம் எழுதினேன் கண்ணு. சரி வந்துவிடு, உனக்காக இந்த வீட்டில் இடம் அப்படியே இருக்கிறது, வந்து என் பக்கத்தில் இரு என்று எழுதினேன். நீ கப்பல் ஏறிப்போன நாளிலிருந்து என் மனசில் இருக்கிற வார்த்தை அதுதான், எழுத எழுத இனித்தது. அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "புள்ள கேட்டது யோசனை, நீ குடுக்குறது உன் ஆசையை"ன்னார். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இப்போது வராதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, அதனால்தான் வராதே என்கிறேன், தோற்றுப்போய் வந்து நீ இந்த லயத்தில் முகம் வாடி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஆத்தா மாரியம்மன் உனக்குத் துணை நிற்பாள், உன் வாய்ச்சொல் பலிக்கட்டும், உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உன்னிடம் வந்து சந்தேகம் கேட்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் பச்சைத் தண்ணீராகக் குடிக்காதே, பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதே. உன் காலேஜ் வாத்தியார்மாரை எல்லாம் கூட்டி வைத்து உரக்கப் படி, ரசாயனப் புரொபசரை முதல் வரிசையில் உட்கார வை. இங்கே எங்கள் மூன்று வாத்தியார்மாருக்கும் அடுத்து என்ன பாடம் எடுப்பது என்று தெரியவில்லை, அங்கிருந்து யாராவது யோசனை எழுத வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். யார் எழுதினாலும் சரி, அவர்களோடு சேர்ந்து நீயும் கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்பு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா
வீ. நாகலெட்சுமி